தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

(மதுரையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பிறக்கிற பிள்ளை ஒன்றும் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் யாராவது ஒரு பெண் முறத்தில் தவிட்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிறகு பெற்றவளே அவளிடமிருந்து அதை வாங்கி வளர்ப்பாள். இது எங்கள் பிள்ளை இல்லை, விற்றாயிற்று, தவிட்டு விலை பெறுகிற இதைக் கொண்டுபோய் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று சாவிடம் சொல்கிற பேச்சு அது. அப்படிப் பிழைத்த பிள்ளைக்குப் பிச்சை என்றோ குப்பன் என்றோ பெயர் விழும்.

என் பெரியப்பா அப்படி விற்கப்பட்டவர். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் போய்விட்டன. எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். எங்கள் அப்பத்தா ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவள். ஆனாலும் நான்காவது பிள்ளையை விற்றாள். பெற்ற வயிறு அப்படி. வாங்கியவள் எங்கள் வயலில் நாற்று நட வந்த பெண். சேரியில் குடியிருந்தவள். அவளும் அதே சபைதான், ஆராதனையில் பின்வரிசையில் உட்காருவாள். ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிய அந்தப் பிள்ளையை, அது வளர்ந்து நடமாடத் தொடங்கிய நாளிலிருந்து, அவள் 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட்டாள். மகனே என்று கூப்பிட அவளுக்கு வாய் வந்ததில்லை. யாரும் வரவிட்டதும் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது புத்திர சுவிகாரம். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை வாசித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய சொல். பவுலின் பெயரில் உள்ள நிருபங்களில் ஐந்தே இடங்களில் வருகிறது. ரோமருக்கு எழுதியதில் மூன்று, கலாத்தியருக்கு எழுதியதில் ஒன்று, எபேசியருக்கு எழுதியதில் ஒன்று. கடவுள் மனிதரைத் தம் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் அதன் சாரம். நம் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் தனி மனிதனுக்கான ஆறுதலாகவே வருகிறது. நீ அநாதை இல்லை, உனக்கு ஒரு தகப்பன் இருக்கிறார் என்கிறோம். அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ இரவுகளைத் தாண்டியவன் நான். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டோம் என்பது என் மனக்குறை. தகப்பன் கிடைத்தவனுக்குக் கூடவே அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் கிடைத்துவிடுகிறார்கள். அவர்களை அவன் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஒரே காரியத்துக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தத்து என்றால் கொடுக்கப்பட்டது. சுவிகாரம் என்றால் தனதாக்கிக்கொண்டது. ஒன்று கொடுப்பவர் வாசலில் நின்று சொன்ன பெயர், மற்றது வாங்குபவர் வாசலில் நின்று சொன்ன பெயர். பழைய தர்ம சாஸ்திரப்படி கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் நடந்தால்தான் தத்து செல்லும். பெற்றவர் கையால் கொடுக்க வேண்டும், ஏற்பவர் கையால் வாங்க வேண்டும். வேதத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் தத்து என்பதை விட்டுச் சுவிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். தெரிந்து செய்தார்களோ வாய்ப்பாக அமைந்ததோ, பொருத்தமான தேர்வு. நம்மை மனமுவந்து கடவுளிடம் கொடுத்தவர் யாரும் இல்லை. பவுல் சொல்வது வேறு: அடிமைத்தனத்திலிருந்து விலை கொடுத்து மீட்டு, அதன்பின் பிள்ளையாக்கிக்கொண்டார். கலாத்தியர் நிருபத்தில் மீட்பும் சுவிகாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. தவிட்டுக்கு வாங்குவதில் விலை வேண்டுமென்றே அற்பமாக வைக்கப்படுகிறது, சாவை ஏமாற்றுவதற்காக. பவுல் சொல்லும் விலையில் ஏமாற்று இல்லை. அங்கே சாவுக்குள் இறங்கியவர் மூத்த மகன்.

பவுல் இந்தச் சொல்லை ரோம உலகத்திலிருந்து எடுத்தார். அங்கே சுவிகாரம் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கு நடந்தது. குடும்பப் பெயரும் சொத்தும் நிற்க ஓர் ஆண் வாரிசு வேண்டும், அவ்வளவுதான். அகஸ்டஸ் ஜூலியஸ் சீசரின் உயிலால் மகனானவர். கி.பி. 50-இல் கிளாடியஸ் பேரரசர் நீரோவைச் சுவிகாரம் எடுத்தார். பவுல் ரோமருக்கு எழுதியது சுமார் 57-இல் என்பார்கள். அப்போது அரியணையில் இருந்தவன் அந்த நீரோதான். அரச வம்சத்துச் சுவிகார புத்திரன் ஊரை ஆளுகிறபோது, அந்த ஊரின் சந்துகளில் கூடிய ஒரு சிறு கூட்டத்துக்கு, நீங்களும் சுவிகார புத்திரர்கள், நீங்களும் வாரிசுகள் என்று கடிதம் வருகிறது. கேட்டவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். ரோமச் சட்டத்தின் கண்ணில் அடிமைக்குத் தகப்பனே கிடையாது. அந்த வரி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே பேரரசில், எகிப்துப் பக்கம், கோப்ரேயுஸ் என்று ஒரு பெயர் பழைய பாப்பிரஸ் ஏடுகளில் கிடைக்கிறது. எருக்குழியிலிருந்து வந்தவன் என்று பொருள். வேண்டாமென்று குப்பைமேட்டில் போடப்பட்ட சிசுக்களை எடுத்து வளர்த்தவர்கள் வைத்த பெயர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். பிள்ளை பிழைப்பதற்காக வைத்த பெயர் என்பவர்களும் உண்டு. நம் குப்பனும் குப்பம்மாளும் நைல் நதிக்கரையில் இருந்திருக்கிறார்கள்.

குப்பம்மாள் என்றதும் பெண்பிள்ளை நினைவு வருகிறது. புத்திரன் என்றால் மகன். மகளுக்கு இதில் இடம் உண்டா? நம் நாட்டில் இந்துச் சட்டப்படி பெண் குழந்தையைத் தத்தெடுக்க வழி பிறந்ததே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதுவரை தத்து என்றால் ஆண்தான். பவுலும் ஆணுக்குரிய சட்டச் சொல்லைத்தான் எடுத்தார். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாவீதின் மகனுக்குச் சொல்லப்பட்ட பழைய வாக்குறுதியை எடுத்தாளும்போது, மகன் என்றிருந்த இடத்தில் குமாரரும் குமாரத்திகளும் என்று விரித்துவிடுகிறார். உசிலம்பட்டியின் பெயர் கள்ளிப்பாலோடு சேர்ந்து நாடெங்கும் பேசப்பட்ட மாவட்டத்தில் நின்று நான் இதைச் சொல்கிறேன். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரைக்கும் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வந்தது. அரசாங்கம் தொட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டிய நிலை. குமாரத்திகள் என்று பவுல் சேர்த்த ஒரு சொல்லுக்கு இங்கே எவ்வளவு கனம் என்று அந்தத் தொட்டில்கள் சொல்லும்.

இந்த மண்ணுக்குக் கடவுளின் பிள்ளை என்ற எண்ணம் புதிதல்ல. சைவ சித்தாந்தம் நால்வகை நெறி சொல்கிறது. தாச மார்க்கத்துக்கு அப்பரையும் சற்புத்திர மார்க்கத்துக்குச் சம்பந்தரையும் காட்டுவார்கள். சீர்காழியில் அம்மையின் பால் உண்ட பிள்ளை என்று போற்றப்படும் அந்தச் சம்பந்தர் வந்து தங்கிய ஊர் இது. அடியவன் நிலையும் மகன் நிலையும் அங்கே அடுத்தடுத்த படிகள். பவுலுக்கு அவை படிகளல்ல. அடிமையாக இருந்தாய், இனி இல்லை என்று ஒரே வெட்டு. இரண்டையும் ஒன்று என்று குழைத்துவிட நான் வரவில்லை. ஆனால் இந்தச் சொற்களைக் கேட்டுப் பண்பட்ட காதுகளில்தான் நம் வேதம் விழுந்தது என்பதை மறக்கக் கூடாது.

விழுந்த கதையும் மதுரையில்தான் கூர்மையாக நடந்தது. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் ஏற்கெனவே இங்கே பணி செய்துகொண்டிருந்தார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம் பறங்கிக் குலத்தில் புகச் சம்மதமா என்ற கேள்வி கேட்கப்படுவதை நொபிலி கவனித்தார். அதிர்ந்துபோனார். கிறிஸ்துவிடம் வருவதென்றால் பறங்கியாவது என்று பொருளா? குலத்தை விட வேண்டாம், வேதத்தை ஏற்றால் போதும் என்று அவர் மாற்றினார். வெள்ளைக்காரனின் குலத்துக்குள் போவதல்ல விசுவாசம் என்று அவர் கண்டது சரி. அதற்காக அவர் பட்ட பாடும் கற்ற தமிழும் பெரியவை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று நழுவிப்போனது. சுவிகாரம் என்றாலே குலம் மாறுவதுதானே? தத்துப்போன பிள்ளை பிறந்த கோத்திரத்தை விட்டுப் புகுந்த வீட்டின் கோத்திரத்தை ஏற்கிறது. கேள்வியில் பிழை, பறங்கி என்ற சொல்லில்தான் இருந்தது. குலம் என்ற சொல்லில் இல்லை. கடவுளின் குலத்தில் புகச் சம்மதமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கப்படவில்லை. அவரவர் குலத்தோடு அவரவர் வந்தோம். அவரவருக்குத் தனித்தனிக் குருமார்கூட ஏற்பட்டார்கள்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கியது. அவர்கள் 1847-இல் இந்தக் கேள்வியைப் பந்தியில் வைத்தார்கள். எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ணும் விருந்தில் உட்கார மறுப்பவர்கள் ஊழியத்தில் நீடிக்க முடியாது என்றார்கள். உபதேசியார் பலர் வெளியேறினார்கள். ஜெபிக்கத் தெரிந்தவர்கள், வேதம் தெரிந்தவர்கள், கடவுளைப் பிதாவே என்று உருக்கமாக அழைத்தவர்கள். சோற்றில் கைவைக்க முடியவில்லை. அந்நியர் அதட்டி வைத்த பரீட்சை என்று ஒரு குறை சொல்லலாம்தான். அந்தக் குறையில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பரீட்சையில் கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சட்டம் படித்தவர்கள் எல்லோரும் அறிந்தது, நம் ஊரின் பெயரோடு நிற்பது. மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி. லண்டனில் பிரிவி கவுன்சில் 1868-இல் தீர்த்தது. ராமநாதபுரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஜமீன்தார் இறந்தபின் அவருடைய ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகவில்லையே, தத்து செல்லாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்கு வரட்டும் என்று அரசாங்கத் தரப்பு வாதாடியது. தீர்ப்பு என்ன? திராவிட தேசத்து வழக்கப்படி, கணவன் சொல்லாமல் போனாலும் அவனுடைய பங்காளிகள், அதாவது சபிண்டர்கள், சம்மதித்தால் தத்து செல்லும். ஏட்டில் எழுதியிருப்பதைவிட ஊரில் நிலைத்த வழக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்றும் அந்தத் தீர்ப்பு நிறுவியது.

சபிண்டர் என்ற சொல்லை யோசியுங்கள். ஒரே பிண்டத்துக்கு உரியவர்கள். பிண்டம் என்பதற்குச் சாஸ்திரக்காரர்களில் ஒரு சாரார் உடல் என்று பொருள் சொல்வார்கள், இன்னொரு சாரார் முன்னோருக்கு வைக்கும் சோற்றுருண்டை என்பார்கள். உடலும் உணவும் ஒரே சொல்லில். நாம் திருவிருந்தில் கையில் வாங்குவதும் அதுதானே. ஒரு அப்பம், ஒரு சரீரம். அப்படியானால் சபையில் அருகருகே முழங்காலிடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சபிண்டர்கள். கடவுள் ஒருவனைத் தம் மகனாக எடுத்தாயிற்று. எடுப்பதற்கு அவர் நம்மிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் அந்த மகன் வீட்டுக்குள் வந்து நடமாட, பங்காளிகள் முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏட்டிலே எழுதிய சுவிகாரம் ஊர் வழக்கத்தில் தோற்றுப்போவதை நாம் நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தனிக் கல்லறைகள் இருக்கின்றன. செத்த பிறகும் சபிண்டர் ஆகாத சபைகள் இருக்கின்றன.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கடவுள் எங்களைச் சுவிகாரம் எடுத்தார் என்று இருபது நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் கிறிஸ்தவர்களுக்கு, இந்தியாவில் ஒரு குழந்தையைச் சுவிகாரம் எடுக்கத் தங்கள் தனிச்சட்டத்தில் வழி இல்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் காப்பாளராகத்தான் இருக்க முடிந்தது. பாலூட்டி, பள்ளியில் சேர்த்து, காய்ச்சலில் விழித்திருந்து வளர்த்தாலும் தாளில் அவர்கள் காப்பாளர், அது பராமரிக்கப்படும் மைனர். உயில் எழுதாமல் கண்ணை மூடினால் பிள்ளைக்குப் பங்கில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2000-இல் வந்து, 2006-இல் திருத்தப்பட்ட பிறகுதான் எம்மதத்தாரும் முழு உரிமையோடு தத்தெடுக்கும் பாதை தெளிவானது. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காப்பாளரின் கீழ் இருப்பவனுக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கலாத்தியர் நான்காம் அதிகாரம் பேசுகிறது. அந்த வேறுபாட்டை வாழ்ந்து பார்த்த வீடுகள் நம் சபைகளில் உண்டு. அவர்களைப் பிரசங்கப் பீடத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னால் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள்.

அப்பா என்ற சொல்லுக்கு வருகிறேன். கிரேக்கத்தில் எழுதிய பவுல் இந்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்தார். தமிழ் வாசகருக்கு அது கிடைத்த பரிசு. அரமேயத்துக்கும் தமிழுக்கும் உறவு காட்ட முயல வேண்டாம், ஒலி தற்செயலாக ஒத்துவந்திருக்கிறது. அது மழலைச் சொல், குழந்தை தகப்பனைக் கொஞ்சி அழைப்பது என்று பிரசங்கத்தில் சொல்வதுண்டு. ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1988-இல் அதை மறுத்தார். வளர்ந்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள் என்றார். இது நமக்குப் புரியாததா? அறுபது வயதுக்காரர் எண்பத்தைந்து வயதுத் தகப்பனாரை அப்பா என்றுதான் அழைக்கிறார். கொஞ்சலும் மரியாதையும் அதில் பிரிந்து நிற்பதில்லை. ஆனால் வீட்டில் யாரும் சொல்லாத பிதாவே என்ற சொல்லைத்தான் ஜெபத்தில் நாம் அதிகம் சொல்கிறோம்.

ஜெபத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாமல் போனவர் ஒருவர் நம் ஊரில் இருந்தார். அரசரடியில், 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரால் நீங்கள் அறிந்தவர். 2005-இல் மறைந்தார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான வழிபாட்டை அமைத்தவர். அவர் கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். அதில் ஆணுமில்லை பெண்ணுமில்லை, தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்கிறார்கள். மரியாதையும் இருக்கிறது, அடுப்படி நெருக்கமும் இருக்கிறது.

ஒரு மறுப்பு எழும். பெற்றவர் என்றால் ஈன்றவர் அல்லவா, சுவிகாரத்தில் ஈன்றது எங்கே? யோவான் கடவுளால் பிறப்பதைப் பற்றிப் பேசுகிறார், பவுல் எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றிப் பேசுகிறார், இரண்டும் வெவ்வேறு அல்லவா? பிற மொழிகளில் இதற்கு நீண்ட விளக்கம் எழுத வேண்டியிருக்கும். தமிழில் பெறு என்ற வினையே விடை சொல்கிறது. பிள்ளை பெறுவதும் பெறுவதுதான், பரிசு பெறுவதும் பெறுவதுதான். ஈன்றவளும் பிள்ளையைப் பெற்றவள். கையால் வாங்கிக்கொண்டவளும் பெற்றவள். பெற்றால்தான் பிள்ளையா என்று ஊரில் கேட்கிற கேள்விக்கு நம் மொழி அடியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. யோவானும் பவுலும் அந்த ஒரு சொல்லில் கைகோத்துக்கொள்கிறார்கள்.

அப்பாவு அழைப்போடு நிறுத்தவில்லை. ஒரே உலை என்றார். பெத்தவர் ஒருவர் என்றால் அடுப்பும் ஒன்று, உலையும் ஒன்று. ஒரே உலையில் பொங்கியதை உண்கிறவர்கள்தான் குடும்பம். கிராமத்தில் தனிக்குடித்தனம் போவதைத் தனி உலை வைப்பது என்கிறோம் அல்லவா? சொத்துப் பிரிவினைப் பத்திரம் பிறகு வரும், உலை பிரிந்த அன்றே குடும்பம் பிரிந்துவிடும். சபிண்டர் என்ற சொல்லில் சாஸ்திரம் பூட்டி வைத்ததை அவர் சேரியின் அடுப்பில் எடுத்து வைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பவுல் ஒரு இடத்தில் சுவிகார ஆவியைப் பெற்றுவிட்டீர்கள் என்கிறார். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, சுவிகாரத்துக்காகக் காத்திருந்து பெருமூச்சு விடுகிறோம் என்கிறார். பெற்றுவிட்டதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று மாணவப் பருவத்தில் குழம்பியிருக்கிறேன். இப்போது குழப்பமில்லை. பந்திக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும்.

என் பெரியப்பாவின் கதை மீதி இருக்கிறது. அவரைத் தவிட்டுக்கு வாங்கிய அம்மா நல்ல வயதில் இறந்தாள். அப்போது பெரியப்பாவுக்கும் தலை நரைத்துவிட்டது. அதுவரை அவர் அந்த வீட்டு வாசலோடு நின்று பேசித் திரும்புவார். கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். ஒரு வாய் தண்ணீர் அங்கே குடித்ததில்லை. அடக்கத்தன்று கல்லறை வரைக்கும் போனவர், எல்லோரும் கலைந்த பிறகு வீட்டுக்குத் திரும்பாமல் சேரிக்கு நடந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவர் கையைப் பிடித்திருந்தேன். துக்க வீட்டில் சோறு வடித்து இறக்கியிருந்தார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போய், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. அந்த அம்மாவின் மூத்த மகன், எங்கள் வயலில் ஏர் பிடித்தவர், வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர் இலையைக் கொண்டுவந்து பெரியப்பா முன்னால் விரித்தார். அவருக்குக் கை நடுங்கியது. இன்னோர் இலையைப் பக்கத்தில் போட்டுத் தானும் உட்கார்ந்து, "சாப்பிடுங்கண்ணே" என்றார்.